சகலையின் கத்தி

ராடிவோய் பத்து வருஷத்துக்கு மேலாகக் கத்தி செய்கிறான். அவன் கத்தியால் இதுவரை யாரும் ஒரு வெங்காயம்கூட நறுக்கியதில்லை.

பிழைப்பு தபால் அலுவலகத்தில். கத்தி ஆசைக்கு. சனிக்கிழமை வந்துவிட்டால் கார் நிறுத்தும் கொட்டகைதான் அவனுக்கு வீடு. உப்புத்தாள் பட்டை ஓடும் பெரிய தேய்ப்பு இயந்திரம் ஒன்றைச் சேமிப்பைக் கரைத்து வாங்கி வைத்திருந்தான். கத்தியைக் கண்ணாடி மாதிரி பளபளக்கத் தேய்த்து, மான்கொம்பில் பிடி போட்டு, உறவுக்காரர்களுக்குப் பரிசாகக் கொடுப்பான். அவர்களும் வாங்கி, அதில் தங்கள் முகத்தைப் பார்த்து, மீசையைச் சரிசெய்துகொண்டு, ஆகா ஓகோ என்று சொல்லிவிட்டுச் சுவரில் மாட்டிவிடுவார்கள். மாமனார் ஸாவா வீட்டுச் சுவரில் மட்டும் மூன்று தொங்கின. ஆனால் கார்த்திகைக் குளிரில் பன்றி வெட்டும் நாள் வந்தால், கிழவர் அந்த மூன்றையும் தாண்டிப் போய் அலமாரியிலிருந்து தன் பழைய கறுத்த கத்தியைத்தான் எடுப்பார். ஒரு தடவை ராடிவோய் வாய்விட்டே கேட்டுவிட்டான்.

"இது கல்யாணத்துக்கு இடுப்புல சொருகிட்டுப் போற கத்தி மாப்ளே. பன்னிக்கு எதுக்கு இதப் போயி?" என்றார் ஸாவா. பந்தியே சிரித்தது. அவனும் சிரித்துவைத்தான்.

போன வருஷம் தொடை எலும்பின் மூட்டில் சிக்கி அந்தப் பழைய கத்தியின் முனை ஒடிந்தது. தொடைக்கறியிலிருந்து எலும்பு எடுக்கும் வேலையைக் கிழவர் வேறு யாரையும் தொடவிடமாட்டார். குளிர்காலம் முழுக்கப் புகையில் தொங்கப்போகிற கறி அது. குடும்பத்தின் மானமே அதில்தான் என்று நினைப்பவர். அன்று சாப்பாட்டு மேசையில் ஒரு வார்த்தை சொன்னார்: அடுத்த வருஷம் எந்த மாப்பிள்ளையின் கத்தி தன் கைக்குப் பொருந்துகிறதோ, அதுதான் இனி சாகும்வரை தன் கத்தி.

"எந்த மாப்பிள்ளை" என்ற சொல்தான் ராடிவோயைத் தைத்தது. இருந்த மாப்பிள்ளைகள் இரண்டு பேர். மற்றவன் லூபிஷா, இவன் மச்சினியைக் கட்டியவன், பேருந்து ஓட்டுகிறவன். அவன் கத்தி செய்யத் தொடங்கியே சில மாதங்கள்தான் ஆகியிருந்தன.

அதையும் கற்றுக்கொடுத்தவன் ராடிவோய்தான். வண்டி தூக்கும் ஜாக்கியை இரவல் கேட்டுக் கொட்டகைக்கு வந்த சகலை, தீப்பொறி பறப்பதைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டான். பக்கத்தில் நின்று பார்க்க ஓர் ஆள் கிடைத்த பெருமையில் ராடிவோய் எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தான். முதல் பாடமே கையுறைதான். உலையில் காய்ச்சிப் பதம் ஏற்றிய கத்தியைத் தேய்க்கும்போது கையுறை கூடாது.

"ஒன் விரல் தாங்காத சூட்ட எஃகும் தாங்காது. சுட்டா ஒடனே வாளித் தண்ணில முக்கு. விளிம்புல நீலம் ஏறிட்டா பதம் போச்சு, அப்புறம் அது தகரம்" என்று சொல்லியிருந்தான்.

லூபிஷா பழைய வாஷிங் மெஷின் மோட்டாரை வைத்துத் தன் பால்கனியில் ஓர் இயந்திரம் கட்டினான். இருமிக்கொண்டே ஓடும் இயந்திரம். அதில் அவன் செய்த கத்திகளைப் பார்க்கச் சகிக்காது. பாதிக் கறுப்பு, பாதிக் கீறல். ஆனால் மீன் விற்கிறவள் ஒன்று கேட்டு வாங்கினாள். டிப்போ சமையற்காரன் ஒன்று வாங்கினான். புரட்டாசியில், ஊரெல்லாம் சிவப்பு மிளகாய் சுட்டு ஊறுகாய் போடுகிற நாட்களில், தன் சொந்தச் சமையலறையில் மனைவி சென்கா எதையோ சரசரவென்று நறுக்குவதைப் பார்த்தான் ராடிவோய். அவள் கையிலிருந்தது சகலையின் கத்தி.

"நான் பண்ணது எங்க?" என்றான்.

"பத்திரமா இருக்குங்க. இது கைல நிக்குது, அதான்" என்றாள் அவள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

அன்றைக்குப் பிடித்தது அவனுக்கு வயிற்றெரிச்சல். சகலையின் பேருந்து வீதியில் போனால்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டான். மாமனாருக்காகச் செய்துகொண்டிருந்த தன் கத்தியை மறுபடி மறுபடி தேய்த்தான்; தேய்க்கத் தேய்க்க அது இன்னும் அழகாகிக்கொண்டே போனதே தவிர, வேறொன்றும் ஆகவில்லை.

ஐப்பசியின் கடைசிச் சனிக்கிழமை லூபிஷா வந்தான். கையில் துணியில் சுற்றிய ஒரு கத்தி, இன்னும் பிடி போடாதது. கூடவே, குழந்தைகள் விளையாடும் களிமண்ணில் ஒரு பச்சை உருண்டை, நீளமாகப் பிதுங்கி, விரல்கள் பதிந்து.

"மாமாவ ஒரு தடவ இறுக்கிப் பிடிக்கச் சொன்னேன் சகல. அவரோட ஆள்காட்டி விரல் மடங்காதுல்ல? இந்த அச்சுலயே வாதுமைக் கட்டைல பிடி செதுக்கப் போறேன்" என்றான்.

ராடிவோய் அந்தப் பச்சைக் களிமண்ணைப் பார்த்தபடி நின்றான். இத்தனை வருஷம் அந்தக் கிழவரோடு உட்கார்ந்து தின்றிருக்கிறான். அவருடைய விரல் மடங்காது என்பதை அவன் ஒரு நாளும் கவனித்ததில்லை.

லூபிஷா வந்த காரியம் வேறு. கடைசித் தேய்ப்புக்குத் தன் மோட்டார் போதாது, தனக்கு மாலை ஷிஃப்ட் இருக்கிறது, சகலையின் கையால் முடித்துக் கொடுக்க வேண்டும். "ஒங்க கை ஓட்டம் எனக்கு வராது" என்று வேறு சொல்லிவிட்டுப் போனான். அந்தப் புகழ்ச்சிதான் ராடிவோய்க்குத் தாங்கவே இல்லை.

நல்லபடியாகத்தான் தொடங்கினான். தேய்க்கத் தேய்க்கத் தெரிந்தது, கத்தி அருமையான கத்தி. முதுகிலிருந்து விளிம்புவரை ஒரே சீராக மெலிந்து வந்தது. அது தெரியத் தெரிய அவனுக்குள் எரிந்தது. ஒரு கட்டத்தில் இயந்திரத்தை நிறுத்தி, உலையருகே கிடந்த தோல் கையுறைகளை எடுத்து மாட்டிக்கொண்டான். எதற்கென்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. சூட்டைக் கிளப்பும், தேய்ந்துபோன பழைய பட்டையை மாட்டினான். அழுத்தினான். தண்ணீர் வாளியைத் திரும்பிப் பார்க்கவில்லை. கையுறைத் தோல் பொசுங்கும் நாற்றம் வந்தது. விளிம்பில் வைக்கோல் மஞ்சள் ஓடியது, பிறகு பழுப்பு, பிறகு மயில் கழுத்து நீலம்.

அப்புறம் மெல்லிய பட்டையை மாட்டி அந்த நீலத்தைத் துடைத்தெடுத்தான். கத்தி வெள்ளையாகச் சிரித்தது. யார் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. முதல் எலும்பில் பட்டதும் மடங்கிவிடும். அன்றிரவு அவனுக்கு நல்ல தூக்கம் வந்தது. மறுநாள் காலை, அவன் வீட்டில் இல்லாத நேரத்தில், லூபிஷா கொட்டகைக்கு வந்து கத்தியை எடுத்துப் போயிருந்தான்.

பன்றி வெட்டும் நாள் பனியோடு விடிந்தது. அண்டாவில் வெந்நீர் கொதித்தது. பிளம்ஸ் சாராயம் ஒரு சுற்று போயிற்று. பன்றியை முடித்து, மயிர் வழித்து, பிளந்து, தொடைகளைப் பலகைமேல் வைத்தார்கள். ஸாவா முதலில் ராடிவோயின் கத்தியை எடுத்தார். அழகை மெச்சினார். கொழுப்புப் பட்டதும் மான்கொம்பு கையில் வழுக்கியது. துடைத்து ஓரமாக வைத்தார். பிறகு லூபிஷா உறையோடு நீட்டியதைப் பிடித்தார். மடங்காத விரல் தானாகப் போய்ப் பிடியில் செதுக்கிய பள்ளத்தில் உட்கார்ந்தது.

'இருக்கட்டும், எலும்பு வரட்டும்' என்று ராடிவோய் காத்திருந்தான்.

எலும்பு வந்தது. கத்தி அதை ஒட்டியே வளைந்து போயிற்று. மூட்டைச் சுற்றித் திரும்பி, மறுபக்கம் வெளியே வந்தது. கிழவர் ஒரு தடவைகூடத் தீட்டவில்லை. முதல் தொடை முடிந்து இரண்டாவது தொடையும் பாதி ஆயிற்று. ராடிவோய்க்கு நம்ப முடியவில்லை. எதையோ எடுப்பவன்போல் பலகைக்கு அருகில் போய்ப் பார்த்தான். கத்தி குறுகியிருந்தது. அவன் தேய்த்துக் கொடுத்ததைவிட ஒரு விரல் அகலம் குறைவு.

"இதான்யா கத்தி" என்றார் ஸாவா, எல்லோருக்கும் கேட்கும்படி. "எலும்பெடுக்க இப்படி ஒல்லியாத்தான் இருக்கணும். கடசித் தேய்ப்பு பெரிய மாப்ளயாமே? சின்னவரு சொன்னாரு. இத்தன வருசத்துல இப்பத்தான் மாப்ளே ஒரு கத்தி செஞ்சிருக்கீங்க." சொல்லிவிட்டு அவன் தோளில் தட்டினார். பத்து வருஷமாகக் காத்திருந்த சொல். சென்காகூட அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

வேலை முடிந்து இரண்டு சகலைகளும் வெந்நீரில் கத்திகளைக் கழுவினார்கள். ராடிவோய்க்கு மனசு கேட்கவில்லை.

"அகலம் கொறஞ்சிருக்கே" என்றான்.

"அரத்த வச்சுப் பாத்தேன் சகல. பதம் இருந்தா அரம் வழுக்கிட்டுப் போகணும், இது விளிம்பக் கடிச்சுது. நல்ல எஃகு வர்ற வரைக்கும் தேச்சுத் தள்ளிட்டேன். என் மோட்டார்ல ஒரு வாரம் ஆயிருச்சு."

"நீ பதம் ஏத்துனதுல கோளாறு இருந்திருக்கும்."

அந்த நேரத்திலும் அவன் வாயில் அதுதான் வந்தது.

"இருக்கும்" என்றான் லூபிஷா. கையைத் துடைத்துக்கொண்டு, கோட்டுப் பையிலிருந்து எதையோ எடுத்து நீட்டினான். தோல் கையுறைகள். இரண்டிலும் விரல் நுனி கருகிச் சுருங்கியிருந்தது.

"கத்திக்கிப் பக்கத்துலயே கெடந்துச்சு. சென்கா அக்கா பாத்தா எதுக்குன்னு கேப்பாங்க. அதான் எடுத்து வச்சிருந்தேன்."

அவ்வளவுதான் சொன்னான். உள்ளேயிருந்து பெரிய மாப்பிள்ளையைத்தான் முதலில் கூப்பிட்டார்கள், அவன் பெயரைச் சொல்லிக் குடிக்க. லூபிஷா ஒதுங்கி வழிவிட்டான். ராடிவோய் கையுறைகளைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு நடந்தான். நாலு பேர் முன்னால் கன்னத்தில் அறைந்திருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பான். இப்படி ஒரு மனசு சகலைக்கு எங்கிருந்து வந்தது என்று நினைத்தபோது, பழைய இடத்திலேயே, அவனுக்கு மறுபடி வயிறு எரிந்தது.