பத்தாவது சுற்று

தட்டிலிருந்த மண் உருளைகளில் இரண்டைக் குப்பை வாளியில் போட்டுவிட்டு சூயுன் மூன்றாவதைக் கையில் எடுத்தபோது அம்மா உள்ளே வந்தாள்.

"அதைக் கீழ வை."

"நாளைக்கு அப்பாவை எடுத்துட்டுப் போறாங்கம்மா. ஜனங்க வருவாங்க. ஹீட்டர் பக்கத்துல அப்பா போட்டோ வைக்கணும்."

"போட்டோவை வேற எங்கயாவது வை."

இடுப்பில் துக்கத்துக்கான வெள்ளைத் துணியோடு அம்மா குனிந்து, வாளியிலிருந்த இரண்டையும் எடுத்துச் சட்டைக் கையால் துடைத்தாள். பிளாஸ்டிக் தாள் சுற்றிய ஆறு உருளைகளும் மறுபடி தட்டில் வரிசையாக நின்றன.

சூயுனுக்கு எரிச்சலாக வந்தது. நான்கு வருடமாக இந்த மண்ணுக்காக அப்பாவோடு சண்டை போட்டவள்தானே இவள்? "கொழுக்கட்டை வைக்க இடமில்ல, சேத்துக்கு மட்டும் ஃப்ரீசரா?" என்று சாங்சுன் நகரத்திலிருந்த சூயுனுக்கே வாரம் தவறாமல் போனில் புலம்பியவள்.

அப்பா பான் டெஷான் மாவட்டச் சாலை அலுவலகத்தில் வேலை பார்த்தவர். அந்தப் பக்கத்து மண்ணில் உப்பு பூத்துக் கிடக்கும். குளிர்காலத்தில் கல்லாக உறையும், பங்குனி வெயிலில் கூழாகும். நான்வா கிராமத்துச் சாலைக்கு அவர் ஒருமுறை வெறும் சுண்ணாம்பைக் கலந்து போட்டார். மண்ணின் உப்பும் சுண்ணாம்பும் சேர்ந்து உப்பியதில் இரண்டாவது வசந்தத்திலேயே சாலை புடைத்து வெடித்தது. ஊர் அதற்கு 'பான் சுட்ட ரொட்டி' என்று பேர் வைத்தது. "இன்னைக்கு ரொட்டி சூடா இருக்கா?" என்று சந்தையில் கேட்பார்கள். அவரும் சிரிப்பார். வீட்டுக்கு வந்தால் அன்று பேச மாட்டார்.

ஓய்வு பெற்ற பிறகு அதே மண்ணில் சுண்ணாம்போடு நிலக்கரிச் சாம்பலையும் சேர்த்து, உருளைகளாக்கிச் சோதித்துப் பார்க்க ஆரம்பித்தார். மாலை ஆறு முதல் காலை ஆறு வரை ஃப்ரீசரில் உறைய வேண்டும், பகலெல்லாம் ஹீட்டர் பக்கத்தில் இளக வேண்டும். அப்படிப் பத்து சுற்று வெடிக்காமல் நின்றால் சாலையும் நிற்கும் என்பது அவர் கணக்கு. முந்தாநாள் காலை ஏழாவது சுற்றுக்குத் தட்டை வெளியே எடுத்து வைத்தார், செருப்பு மாட்ட உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. அப்பாவோடு வேலை பார்த்த சியூ மாமா. தொப்பியைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். பார்வை தட்டுக்குப் போய்த் திரும்பியது.

"அண்ணி, இந்த நேரத்துல கேக்கக் கூடாது..."

"நோட்டு மேசை மேல இருக்கு."

அவர் பிரித்தார். சூயுனும் எட்டிப் பார்த்தாள். ஆறாவது சுற்று வரை அப்பாவின் சின்னச் சின்ன எழுத்து. ஏழாவதும் எட்டாவதும் கோணல்மாணலான பெரிய எண்கள். அம்மா இரண்டாம் வகுப்போடு நின்றவள்.

சியூ மாமா அந்த எண்களின் மேல் விரலை ஓட்டினார்.

"நிக்குமா?" என்றாள் அம்மா.

"தெரியல அண்ணி. போன தடவ ஆறாவதுலயே வெடிச்சுப் போச்சு. இன்னைக்கோட ஒம்போது. நாளைக்கு ஒண்ணுதான் பாக்கி."

ஆறு அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. நாளைய விருந்துக்கு உறவுக்காரர்கள் கொண்டுவந்து திணித்திருந்த கோழிகளை அம்மா ஃப்ரீசரிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பால்கனிக் குளிரில் வைத்தாள். சூயுன் தட்டைத் தூக்கிக் கொடுத்தாள்.

மறுநாள் அதிகாலை அப்பாவைச் சுடுகாட்டுக்குக் கொண்டு போனார்கள். மனைவி கூடப் போகும் வழக்கமில்லை. சாம்பலோடு சூயுன் திரும்பியபோது தட்டு ஹீட்டர் பக்கத்தில் இருந்தது. நோட்டில் ஆறு மணி என்று எழுதியிருந்தது. பந்தி முடிந்து, ஜனங்கள் கலைந்து, சாயங்காலம் ஆறு மணிக்கு சியூ மாமா தாள்களைப் பிரித்தார். ஒன்றில் மயிரிழை விரிசல். ஐந்தில் ஒன்றுமில்லை. ஐந்தும் அழுத்தச் சோதனையிலும் தாங்கின என்ற சேதி அடுத்த வாரம்தான் வந்தது.

அன்று மாலை சியூ மாமா தட்டை ஆய்வகத்துக்குக் கொண்டு போகக் காரின் முன் சீட்டில் வைத்து பெல்ட் போட்டுக் கட்டினார். கார் சேற்றில் சறுக்கி, திமிறி, மேலேறிப் போனது. பின்னாலேயே நான்கு எட்டு நடந்துவிட்ட அம்மாவின் ஒரு செருப்பைச் சேறு பிடித்துக்கொண்டது. அதை உருவ அவள் குனியவில்லை. சூயுனின் தோளைப் பற்றிக்கொண்டு, காலுறை போட்ட பாதத்தை மேலே தூக்கியபடி, கார் திரும்பிய முனையைப் பார்த்து நின்றாள்.