பின்னமில்லாத ஒரு காசு

...அதாவது, அமெரிக்கப் பணத்தை முழுமையாகப் புரிந்துகொண்ட மனிதன் இந்தப் பூமியில் ஒருவன்தான், அவன் இப்போது சுகர் லேண்ட் என்கிற அமெரிக்க ஊரில் ஓர் ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில், மனைவியின் செருப்பும் சுடிதாரும் போட்ட பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், பெயர் சபரிநாதன், இதில் மிகை எதுவும் இல்லை, அச்சடிக்கிறவனுக்கு அவன் மெஷினில் வருகிற தாள் தெரியும், வங்கிக்காரனுக்குக் கட்டு தெரியும், மொத்தத்தையும் எடுத்துவைத்து இது என்ன கூத்து என்று கேட்டவன் சபரிநாதன் ஒருவன்தான். ஒரு டாலருக்கும் நூறு டாலருக்கும் ஒரே நீளம், ஒரே அகலம், கண் தெரியாதவர் என்ன செய்வார், இதைப் பாதியாக, அதை நீளவாக்கில் என்று ஒவ்வொன்றையும் ஒவ்வொரு மாதிரி மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறாராம், நிலாவுக்கு ஆள் அனுப்பிய நாடு. ஏழு நோட்டிலும் ஏழு ஆண்கள், ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை, பல்வலியோடு வரிசையில் நிற்கிற ஏழு பேர். சில்லறை அதைவிட மோசம், ஐந்து சென்ட் பெரிதாக இருக்கும், பத்து சென்ட் அதைவிடப் பொடியாக இருக்கும், எதிலும் எண்ணே கிடையாது, எழுத்துக்கூட்டிப் படித்துக்கொள்ள வேண்டியதுதான், பத்து சென்டில் பத்து என்றுகூடப் போடவில்லை, ஒரு டைம் என்று போட்டிருக்கிறது, டைம் என்றால் என்ன என்று கேட்டால் பத்து சென்ட் என்பார்கள்... இந்த உரையை அவன் நான்கு நவராத்திரி கொலுவிலும் ஒரு கிரகப்பிரவேசத்திலும் நிகழ்த்தியிருக்கிறான், மனைவி விஷாகா போனில் ஸ்டாப்வாட்ச் போட்டுப் பன்னிரண்டு நிமிஷம் என்று அறிவித்திருக்கிறாள். கோயம்புத்தூரில் ஒரே வகுப்பில் படித்த காலத்தில் அவன் நடத்திய கையெழுத்துப் பத்திரிகைக்கு மொத்தம் ஒரே ஒரு சந்தாதாரர், அவள்தான், அவளும் சந்தா கட்டவில்லை.

மணி ஒன்பது இருபது. அவளை உள்ளே கொண்டுபோய்ப் பத்து நிமிஷம் ஆகிறது. நாற்பது நிமிஷ வேலை என்று டாக்டர் சொன்னார், கருப்பை வாயில் ஒரு தையல், சுருக்குப்பையின் வாயை இழுத்துக் கட்டுவது மாதிரி, அவ்வளவுதான், பத்தொன்பதாவது வாரத்திலேயே வாய் திறக்கப் பார்க்கிறது, தையல் தாங்கினால் குழந்தை உள்ளே இருக்கும், தாங்காவிட்டால்... போன வருஷம் தையல் போடவே நேரம் கிடைக்கவில்லை, இருபதாவது வாரம், ஒரு வியாழக்கிழமை, ஒரு ஃபார்மில் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது, அந்தக் கட்டத்தில் என்ன... வேண்டாம், அங்கே போகவேண்டாம், எங்கே விட்டோம், பத்து சென்ட். பத்து சென்ட் ஏன் பொடியாக இருக்கிறது என்றால் ஆதியில் அது வெள்ளி, வெள்ளியின் எடைக்கு ஏற்ற அளவு, ஐந்து சென்டுக்கு அந்தக் கணக்கு கிடையாது, இப்போது இரண்டிலும் வெள்ளி இல்லை, அளவு மட்டும் மாறவில்லை, காரணம் செத்துப்போன பிறகும் பழக்கம் உயிரோடு இருக்கிறது, இந்த வரிக்குக் கொலுவில் எப்போதும் கைதட்டு விழும். இங்கே யார் தட்டப்போகிறார்கள், எதிரே ஒரு தொப்பிக்காரர் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு டிவி பார்க்கிறார், டிவியில் ஒருவன் பழைய வீட்டின் சுவரை இடித்துக்கொண்டிருக்கிறான்.

காலையில் அத்தை பேசியபோது ஏன் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை? சாந்தாமணி அத்தை, விஷாகாவின் அம்மா, கோபிச்செட்டிபாளையத்திலிருந்து, போன் ஸ்பீக்கரில் இருந்தது, விஷாகா கட்டிலில் அந்தப் பின்பக்கம் திறந்த கவுனோடு படுத்திருந்தாள். "மாப்பிள்ளைங்க, ஒரு மஞ்சத்துணியில காசு முடிஞ்சு வெச்சிருங்க. இங்க நான் வெச்சுட்டனுங்க, ஆனாலும் அவ இருக்கற எடத்துல ஒண்ணு இருக்கோணும். எல்லாம் நல்லபடியா ஆச்சுன்னா கோயில் உண்டியல்ல சேத்துப்போடலாம்." அவன் ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டான், "இங்க யாருங்க அத்தை காசு வெச்சிருக்காங்க, எல்லாம் கார்டுதான். கிரெடிட் கார்டை முடிஞ்சு வெச்சிரட்டுங்களா? சாமிக்குப் பாயின்ட்ஸும் சேரும்." விஷாகா, "டேய்," என்றாள். அத்தை அசரவில்லை, "ஒத்த ரூவா மாதர ஏதாச்சும் இருக்குமில்லீங்க." அவ்வளவுதான், மேடை கிடைத்துவிட்டது, ஒரு சென்ட் இருக்குங்க அத்தை, அது நூறில் ஒரு பங்கு, அதையும் இனிமே அடிக்கறதில்லைன்னு நிறுத்திட்டாங்க, அஞ்சு சென்ட் இருபதுல ஒரு பங்கு, டைம்னு ஒண்ணு பத்துல ஒரு பங்கு, குவார்ட்டர் கால்பங்கு, நம்ம நாலணா மாதிரி... "காலு அரையெல்லாம் ஆகாதுங்க மாப்பிள்ளை. பின்னம் ஆகாது. முழுசா ஒண்ணா இருக்கோணும்." பின்னம்! அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, "அத்தை, இந்த நாட்டுச் சில்லறை மொத்தமும் பின்னம்தானுங்க, உங்க சாமி தசமப்புள்ளி எல்லாம் படிக்கலைங்களா?" போனில் பின்னால் எங்கேயோ ஒரு மிக்ஸி ஓடி நின்றது. அப்புறம் அத்தை மெதுவாக, "சாமிக்கு ஒண்ணுமில்லீங்க மாப்பிள்ளை. போன தடவ, நீங்க சிரிப்பீங்கன்னு நான் ஒண்ணுஞ்சொல்லாம இருந்துபோட்டனுங்க. அதானுங்க," என்றார்கள்.

அதானுங்க. பன்னிரண்டு நிமிஷ உரையில் அந்தப் பக்கமே கிடையாது. கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகும்போது விஷாகா அவன் விரலைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு நம்பிக்கையெல்லாம் வேண்டாம்டா. ரெண்டு கை இருக்கில்ல, ஒரு முடிச்சு போடு, போதும்," என்றாள். அவன் என்ன சொன்னான்? "உள்ள டாக்டர் ஒண்ணு போடறாங்க, வெளிய நான் ஒண்ணு போடணுமா, ஒரு குழந்தைக்கு எத்தனை முடிச்சுடி?" என்றான், தமிழ் தெரியாத நர்ஸ் சிரித்தாள், அவன் முகத்தைப் பார்த்துச் சிரித்திருப்பாள், விஷாகா சிரித்தாளா? சந்தாதாரர் சிரித்தாரா? யோசித்துப் பார்த்தால்... சிரிக்கவில்லை, மேலே ஓடிக்கொண்டிருந்த விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அது இப்போதுதான் ஞாபகத்துக்கு வருகிறது.

பின்னம். நான்காம் வகுப்பில் கணக்கு டீச்சர் ஒரு கோடு போட்டு மேலே ஒன்று கீழே ஒன்று எழுதுவார், அது ஒரு பின்னம், கோயிலில் கை உடைந்த சிலையைப் பின்னமாகிவிட்டது என்று எடுத்து வைத்துவிடுவார்கள், அதுவும் பின்னம், இரண்டுக்கும் ஒரே வார்த்தை வைத்தவன் யார், முழுதாக இல்லாததெல்லாம் உடைந்ததா என்ன? இன்னும் முழுதாகாததை என்னவென்று சொல்வது? நாற்பது வாரத்தில் பத்தொன்பது, பத்தொன்பதின் கீழ் நாற்பது. சுருக்க முடியாது, பத்தொன்பது பகா எண். போன வருஷம் இருபதின் கீழ் நாற்பது, சுருக்கினால் அரை... ஐயோ, நிறுத்து, இந்தக் கணக்கை யார் போடச் சொன்னது, எழுந்திரு, கொஞ்சம் நட, காரைப் போய்ப் பார், பார்க்கிங் டிக்கெட்டுக்குப் பணம் கட்ட வேண்டாமா?

பார்க்கிங்குக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. போகும்போது டிக்கெட்டைக் கொடு, முத்திரை வைத்துத் தருகிறேன், நோயாளியின் வீட்டாருக்கு இலவசம் என்று வரவேற்பு மேசைப் பெண் காலையிலேயே சொல்லியிருக்கிறாள், அவனும் தலையாட்டியிருக்கிறான். இருந்தாலும் ஒரு பொறுப்புள்ள குடிமகன் நிறுவனத்துக்கு நஷ்டம் வரக்கூடாது என்று நினைப்பதில் தவறில்லை. லிஃப்டில் அவன் இந்த நிலைப்பாட்டை இரண்டு முறை சரிபார்த்துக்கொண்டான். தரைத்தளத்தில் பணம் கட்டும் மெஷின் நிற்கிறது, மீதி நாணயமாகவே தரப்படும் என்று எழுதியிருக்கிறது, அதை அவன் காலையிலேயே பார்த்துவிட்டான், பார்த்ததும் அவன் மனசுக்குள் ஓடியது ஒரு கேலிதான்: இந்த நாட்டில் ஒரு டாலர் காசு என்று ஒன்று உண்டு, தங்க நிறம், யாரும் அதைத் தொடுவதில்லை, கடைக்காரன் அதை வைத்துக்கொள்ளக் கல்லாவில் பள்ளம்கூடக் கிடையாது, இந்த மாதிரி மெஷின்களின் வயிற்றில் போட்டு அசந்தவன் தலையில் கட்டுகிறார்கள். டிக்கெட்டைச் செருகினான், ஒன்பது டாலர் என்றது. பத்து டாலர் தாளை நீட்டினான், மெஷின் அதை நாக்கு மாதிரி உள்ளே இழுத்துவிட்டு வெளியே துப்பியது. ஓரம் மடிந்திருக்கிறது. தொடையில் வைத்துத் தேய்த்து மறுபடி நீட்டினான், மறுபடி துப்பியது, பின்னால் ஒரு பெண்மணி பலூனோடு வந்து நின்றாள், பெண் குழந்தை என்று பலூனில் எழுதியிருந்தது, அவன் அதைப் படிக்காத மாதிரி நின்றான், வாங்கிக்கொள், என் சாமி, வாங்கிக்கொள்ளேன்... யாரைச் சாமி என்கிறான், பார்க்கிங் மெஷினையா? மூன்றாம் தடவை வாங்கிக்கொண்டது. உள்ளே எதுவோ உருண்டு, டொங்கென்று ஒரே ஒரு காசு விழுந்தது.

லிஃப்டில் கையைத் திறந்து பார்த்தான். தங்க நிறம் மங்கிப் பித்தளையாகியிருக்கிறது. ஓர் அமெரிக்கப் பூர்வகுடிப் பெண், தோளுக்கு மேலாகத் திரும்பி நம்மைப் பார்க்கிறாள், இவள் பெயர் தெரியும், வருஷம் தெரியும், எந்தக் கூட்டத்துக்கு எந்த மலைவழியாக வழி காட்டினாள் என்பது தெரியும், உரையில் இவளுக்கு முக்கால் நிமிஷம். முதுகில் ஏதோ மூட்டை இருக்கும், பிரயாணத்துக்கான சாமான் என்றுதான் எப்போதும் நினைத்திருந்தான், படத்தில் பொடியாகத்தானே பார்த்தான்... மூட்டை இல்லை. குழந்தை. துணியில் சுற்றி முதுகில் கட்டியிருக்கிறாள், அது கன்னத்தைச் சாய்த்துத் தூங்குகிறது. திருப்பிப் பார்த்தான், கழுகுக்குக் கீழே ஒன் டாலர் என்று எழுத்தில் இருந்தது. ஒன்று. கோடு இல்லை, மேலே கீழே எதுவும் இல்லை. மூன்றாம் மாடி வந்து கதவு திறந்து, மூடப்பார்த்தது, அவன் காலை நீட்டித் தடுத்தான்.

டாக்டர் அவனைத் தேடிக்கொண்டு வெளியே நின்றிருந்தார், முகமூடியைத் தாடைக்கு இறக்கியிருந்தார். தையல் நன்றாக உட்கார்ந்திருக்கிறது என்றார், குழந்தையின் இதயத்துடிப்பு சீராக இருக்கிறது என்றார். அப்படியானால் சரியாகிவிட்டதா? அவர் அவசரப்படாத நல்ல மனுஷி. "இன்றைக்குச் சரி. தாங்கும் என்று நான் சத்தியம் செய்ய முடியாது, ஒவ்வொரு வாரமாகத்தான் பார்க்கவேண்டும். முப்பத்தாறாம் வாரம்வரை வந்துவிட்டால் நானே பிரித்துவிடுவேன்." இன்னும் பதினேழு வாரம். ஏதாவது சொல்ல வேண்டும், நகைச்சுவையாக ஏதாவது, தேங்க்யூ என்றான், கையை நீட்டப்போய்க் கையில் காசு இருப்பதைப் பார்த்து இழுத்துக்கொண்டான். பத்து நிமிஷத்தில் கூப்பிடுவோம் என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

மஞ்சள் துணிக்கு எங்கே போவது? பையைக் கிளறினான், சுடிதார் நீலம், துப்பட்டா பச்சை, செருப்பு, சார்ஜர், பிரிக்காத ஒரு பிளாஸ்டிக் உறை. வழுக்கி விழக்கூடியவர்களுக்கு ஆஸ்பத்திரியில் கொடுக்கிற மஞ்சள் சாக்ஸ், அடியில் ரப்பர் புள்ளி வைத்தது, ஒரு ஜோடியை மாட்டிக்கொண்டு போனாள், அதிகமாகக் கொடுத்த ஜோடி இது. கால் ஆகாது என்று கோபிச்செட்டிபாளையம் தீர்ப்புச் சொல்லியிருந்தது, காலுறையைப் பற்றித் தீர்ப்பு எதுவும் இல்லை. ஒருவர் காலும் படாதது, நல்ல மஞ்சள், அத்தையின் மஞ்சளைவிட ஒரு பிடி கூடுதலாகவே மஞ்சள். தொப்பிக்காரர் டிவியில் ஆழ்ந்திருந்தார். சபரிநாதன் பையை மடியில் நிமிர்த்தி மறைப்பாக வைத்துக்கொண்டு, காசை உள்ளே போட்டான், அவள் முகம் மேலே இருக்கவேண்டுமா கழுகு மேலே இருக்கவேண்டுமா, தெரியாது, அவளும் குழந்தையும் மேலே இருக்கட்டும், விரல் நுனிவரை தள்ளி, சாக்ஸை முறுக்கி ஒரு முடிச்சுப் போட்டான், ரப்பர் வழுக்கவிடாமல் பிடித்தது, இழுத்துப் பார்த்தான், இன்னும் கொஞ்சம் இழுத்தான், அதிகம் இறுக்கினால் நசுங்கிவிடுமோ என்று காசுக்குப் போய்ப் பயந்து கொஞ்சம் தளர்த்தினான், தளர்த்தினால் நழுவிவிடுமோ என்று மறுபடி இழுத்தான்... டாக்டருக்கும் இப்படித்தான் இருந்திருக்குமா? எவ்வளவு இறுக்கினால் போதும் என்று அவருக்கு மட்டும் யார் சொன்னார்கள்? முப்பத்தாறில் பிரித்துவிடுவேன் என்றார், சரி, இதை எப்போது அவிழ்ப்பது? அத்தை சொல்லவில்லை, அவன் கேட்டால்தானே சொல்வார்கள், சிரிக்கிற அவசரத்தில் அதைக் கேட்டுக்கொள்ளவே இல்லை, கோபியில் இப்போது ராத்திரி எட்டரை மணி இருக்கும், போனை எடுத்தான், அத்தையின் பெயர்மேல் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், முடிச்சை உள்ளங்கையில் மூடிப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான்.