பக்கத்தில் ஒரு மங்கல்

1

இந்தக் கதை என் கற்பனையில் உதித்ததல்ல. கிரானடாவில் எங்கள் மேல்மாடியில் குடியிருக்கும் விசி, லிஃப்ட் பழுதான ஒரு மதியம், மூச்சு வாங்கப் படியேறிக்கொண்டே சொன்னது. அவள் வானியலாளர். தனித்த விண்மீன் திரள்களை ஆராய்கிறவள். அதாவது, சுற்றுவட்டாரத்தில் தன்னை ஒத்த இன்னொரு திரள் இல்லாமலே கோடானுகோடி வருடங்கள் இருந்துவிட்டவை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "விசியும் ஒரு தனித்த திரள்தான். யாருமற்ற அவள் வீட்டில் ஒற்றை விளக்கு..."

அடித்துவிட்டேன். அவள் வீட்டில் கணவன், மாமியார், இரண்டு மகள்கள், பெரியவளின் டிரம்ஸ். உவமைக்காக ஒருத்தியின் குடும்பத்தைக் காலி செய்வது நியாயமில்லை.

2

விசிக்கும் நிக்காசியோவுக்கும் பல வருடமாக ஒரே அலுவலக அறை. எந்தப் பிரகாசத்தில் எத்தனை தனித்த திரள்கள் இருக்கின்றன என்று வரைபடம் போட்டுக்கொண்டிருந்தார்கள். மிகப் பிரகாசமானவை வெகு சில. அந்த முனையில் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் வரைபடத்தின் வாலே மாறிவிடும்.

அங்கே எல்லாவற்றையும் மிஞ்சிய ஒன்று இருந்தது. நிக்காசியோ பட்டியலில் சேர்த்தது. அக்கம்பக்கத்தின் இழுப்பும் உரசலும் இல்லாமலே ஒரு திரள் இவ்வளவு பிரகாசிக்க முடியும் என்பது அவன் வாதம். மாட்ரிட் மாநாட்டில் அதைத்தான் பேசவிருந்தான்.

(அவனைத் தலைக்கனம் பிடித்தவனாக மட்டும் காட்ட ஆசைப்பட்டேன். ஆனால் விசி காய்ச்சலில் கிடந்தபோது சூப் கொண்டுவந்தவனும் அவன்தானாம். இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள்.)

3

ஒரு கூட்டத்தில் அவன் சொன்னான்: "விசி அளந்தா நிலாகூட மங்கலாத்தான் வரும்." எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு தன் இடத்துக்குப் போய், அவனுடைய திரளை மூன்று தொலைநோக்கிகள் எடுத்த படங்களைத் திறந்து, வெளிச்சத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தாள். ஓரத்தில், பிய்த்துப்போட்ட பஞ்சுபோல ஒரு மங்கல். பெரிய திரள்போலத்தான் இருந்தது, ஒளி பரவி நீர்த்துப்போனதால் யார் கண்ணிலும் படவில்லை.

மாலையில் பாரில் அவனிடம் சொன்னாள்.

"கண்ணாடில தூசி இருந்திருக்கும்."

"மூணு தொலைநோக்கிலயும் ஒரே எடத்துல தூசியா?"

"என்மேல கோவம்னா என்னையத் திட்டு விசி. அந்த கேலக்ஸி உன்னை என்ன பண்ணுச்சு?"

"கோவம்தான். இல்லன்னு சொல்லல. ஆனா அது நெஜமா இருக்கு. தூரத்தை அளந்து பாரேன்."

அவன் ஆலிவ் கொட்டையைத் தட்டில் துப்பினான். "பாக்கறேன். தூசின்னு ஆச்சுன்னா ஒரு வருஷத்துக்கு காப்பி உன் செலவு."

அளந்தான். இரண்டும் ஒரே தூரம். பக்கத்து வீடேதான்.

4

(இங்கே இரண்டு முடிவுகள் எழுதிப்பார்த்தேன். ஒன்றில் அவன் மறைக்கிறான். மற்றதில் இருவரும் கட்டிக்கொண்டு... வேண்டாம்.)

நடந்தது இது. அந்தப் பிரகாசத் திரளைப் பட்டியலிலிருந்து தானே நீக்கினான் நிக்காசியோ. வரைபடத்தின் வால் இறங்கியது. மாட்ரிட்டில் மேடையேறி, தனித்தவை அத்தனை பிரகாசமாவதில்லை போலிருக்கிறது என்றான். "என் வாதம் போச்சு. கண்டுபிடிச்சது விசி. அதோ உக்காந்திருக்கா." கைதட்டல். விசிக்குக் காது சூடேறியது.

அப்போது நடுவரிசையிலிருந்து ஓர் அம்மாள் எழுந்தார். "மத்த கேலக்ஸிங்களையும் இதே மாதிரி துருவிப் பாத்தீங்களா?"

நிக்காசியோ விசியைப் பார்த்தான். பட்டியலில் இருந்தவை நூற்றுக்கணக்கில். பாதியைச் சரிபார்த்தவள் அவள். கோபத்தோடு பார்த்தது இந்த ஒன்றை மட்டும்தான். 'இல்லை' என்று சொன்னால் வருடக்கணக்கான உழைப்பை முதலிலிருந்து தொடங்க வேண்டும். 'ஆமாம்' என்று சொன்னால் அந்த அரங்கில் மறுக்க ஆளில்லை.

5

மைக் அவள் கைக்கு வந்தது. எழுந்தாள்.

என்ன சொன்னாள் என்பது எனக்குத் தெரியும். எழுதப்போவதில்லை. எழுதினால் அவளை எடைபோட்டுவிட்டு நீங்கள் நிம்மதியாகப் போய்விடுவீர்கள்.

மைக்கை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த அம்மாள் இன்னும் உட்காரவில்லை.