இடப்பக்கம் அப்பா, வலப்பக்கம் மச்சான்

"உன் அண்ணனை நான் கொன்னுட்டேன் வெரோனிகா. நாலே நாள்ல அவரே ரோஜா மாலை வாங்கிக்கினு துக்கம் கேக்க வந்துட்டாரு. ரெண்டு டம்ளர் காபி குடிச்சுட்டுப் போனாரு."

அகஸ்டின் போனில் இதைச் சொன்னது வியாழக்கிழமை சாயங்காலம். பெங்களூரில், மகள் சோஃபியாவின் பிரசவத்துக்குப் போயிருந்த வெரோனிகா சிரித்த சிரிப்பில் தொட்டிலில் தூங்கிய பேரன் விழித்துக்கொண்டு அலறினான்.

"ஏங்க, புளுகுறதுக்கும் ஒரு அளவு வேணாமா?"

"சத்தியமா நடந்ததுடி!"

"சரி சரி, சனிக்கிழமை வரேன். மிச்சத்தை நேர்ல சொல்லுங்க."

வெரோனிகாவைக் குறை சொல்லவும் முடியாது. மந்தைவெளி மார்க்கெட்டில் அகஸ்டின் வாங்கும் அரைக் கிலோ வஞ்சிரம், வீட்டுப் படியேறுவதற்குள் அரைத் திமிங்கிலம் ஆகிவிடும். முப்பத்து நான்கு வருஷம் பூகோளம் நடத்தியவர். மாணவர்கள் தேர்வில் இமயமலைக்கு அவர் சொன்ன உயரத்தை எழுதித்தான் மார்க்கை இழந்தார்கள். அப்படிப்பட்டவர் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கலப்படமில்லாத உண்மையைச் சொன்னார். அது போணியாகவில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு வீடியோ. "சும்மாதானே இருக்கீங்கப்பா, ஹாலைக் கொஞ்சம் மாத்துங்க" என்று சோஃபியா அனுப்பியது. அறை என்பது ஒரு தராசு, ஒரு பக்கம் கனம் ஏறினால் மறுபக்கமும் ஏற வேண்டும் என்றது அந்த வீடியோ. அகஸ்டின் அதை ஒரு தடவை பார்த்தார். பிறகு அதன் தம்பி தங்கைகள் நானூறைப் பார்த்தார்.

சோபா ஜன்னலோரம் போனது, சுவரோரம் வந்தது, மறுபடி ஜன்னலோரம் போனது. எழுபத்திரண்டாவது தடவை நகர்த்தியபோது தரை தேய்ந்து, கீழ் வீட்டு டீனாவின் தலைக்கு மேல் வெளிச்சம் தெரிந்ததாகப் பேச்சு. ஒரு நிறத்தை எடுத்தால் அது அறையில் மூன்று இடத்தில் வர வேண்டும் என்பது இன்னொரு விதி. கடுகு மஞ்சளில் திரைச்சீலை வந்தது, குஷன் வந்தது. மூன்றாவதற்கு ஒன்றும் அகப்படாமல் அகஸ்டின் தானே மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு மூலையில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தார்.

இந்த அமர்க்களத்தில் அவர் செய்யாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான். வெரோனிகாவின் அண்ணன் மேத்யூவுக்கு அடையாற்றில் ஓர் ஆஸ்பத்திரியில் முட்டி ஆபரேஷன். "எங்க அண்ணனைத் தினம் போய்ப் பாருங்க, என்னாலதான் முடியல" என்று வெரோனிகா அழாத குறையாகச் சொல்லியிருந்தாள். ஆபரேஷன் நடந்த நேரத்தில் அகஸ்டின் தி. நகரில் குஷன் உறை பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்குப் போகலாம் என்று நினைத்தார். நாளைக்குத் திரைச்சீலைக்காரன் வந்தான். ராத்திரி போனில், "பார்த்தேன், ரெண்டு இட்லி சாப்பிட்டாரு" என்று சொல்லிவைத்தார். மறுநாள் நாலு இட்லி. வாரக் கடைசியில், அகஸ்டினின் போன் கதையில், வராந்தாவில் மெதுவாக நடக்கும்படி மேத்யூவை நர்ஸ் கெஞ்சிக்கொண்டிருந்தாள். மேத்யூ சைதாப்பேட்டையில் மகன் வீட்டுக்குத் திரும்பியும் மூன்று வாரம் ஆயிற்று. மந்தைவெளியிலிருந்து சைதாப்பேட்டை ஆட்டோவில் கால்மணி நேரம். அகஸ்டின் போகவில்லை. முதலில் நேரமில்லை, பிறகு முகமில்லை.

டிவிக்கு இடப்பக்கச் சுவரில் அகஸ்டினின் அப்பா போட்டோ இருந்தது. செத்து இருபது வருஷம். சந்தன மாலையும் குட்டி சிவப்பு பல்பும் போட்டிருந்தார்கள். வலப்பக்கம் வெறுஞ்சுவர். தராசு சாய்ந்து நின்றது. அலமாரியைக் குடைந்தபோது, மேத்யூ தலைமை ஆசிரியராக ஓய்வு பெற்ற அன்று எடுத்த போட்டோ அகப்பட்டது. கோட்டு போட்டு, தலையைச் சற்றே இடப்பக்கம் திருப்பியிருந்தார். அப்பாவோ வலப்பக்கம் பார்ப்பவர். இருவரையும் மாட்டினால் இருவரும் டிவியைப் பார்ப்பார்கள்! அகஸ்டினுக்குப் புல்லரித்துவிட்டது.

இரண்டு படங்களையும் பிரேம் போடும் ஷரீஃபிடம் கொண்டுபோய், "இதே மாதிரி இன்னொண்ணு" என்றார். ஞாயிற்றுக்கிழமை ஷரீஃப் அதை இரண்டு கையாலும் ஏந்திக் கொடுத்தார்.

"அப்டியே அச்சு ஸார். பல்பு, சந்தன மாலை, அல்லாம் போட்டுட்டேன். மனசைத் தேத்திக்கோங்க."

அகஸ்டினுக்குத் திக்கென்றது. பல்பைக் கழற்றலாம், மாலையை எடுக்கலாம். வீட்டுக்கு வந்து மாட்டிப் பார்த்தார். மாலையை எடுத்தார், தராசு சாய்ந்தது. திரும்பப் போட்டார், அடடா, நிமிர்ந்தது. யார் வரப்போகிறார்கள் என்று இரண்டு பல்பையும் எரியவிட்டார்.

அன்றைக்கே பக்கத்து வீட்டு கஸ்தூரிரங்கன் வந்தார், தண்ணீர் லாரி சங்கதி பேச. வாசலிலேயே செருப்பை விட்டவர் சுவரைப் பார்த்து நின்றுவிட்டார்.

"அடடா... மாமியோட அண்ணாவா? ஆஸ்பத்திரியில இருக்கார்னேளே. எத்தனை நல்ல மனுஷர்!"

கஸ்தூரிரங்கன் மேத்யூவைப் பார்த்ததே கிடையாது. இல்லை ஸார், உயிரோடு இருக்கிறார் என்று சொல்ல அகஸ்டின் வாயைத் திறந்தார். சொன்னால், பின்னே ஏன் மாலை என்பார். அழகுக்கு என்று சொல்ல வேண்டும். அகஸ்டின் தலையைக் குனிந்துகொண்டார். அதுதான் பாவம், மற்றதெல்லாம் ஆணி அடித்ததுதான். கஸ்தூரிரங்கன் வீட்டுக்குப் போய், தலையோடு மூன்று தடவை குளித்ததாகக் கேள்வி.

அப்புறம் டீனா வந்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு தூக்குச் சட்டி நிறைய இட்லியோடு. "சாப்பிடுங்க அங்கிள். துக்க வீட்ல அடுப்பு எரிய வேணாம். ஆன்ட்டி பிரசவ வீட்ல இருக்காங்க, அவங்ககிட்ட யாரும் போன்ல பேச வேணாம்னு சொல்லிட்டேன்." அவள் கோயில் பாடற்குழுவில் முதல் குரல். அவளுக்குத் தெரிந்தால் கோயிலுக்கு வரும் பங்கு மக்கள் அத்தனை பேருக்கும் தெரியும். மூன்று நாளில் முந்நூறு பேர் வந்தார்கள். சரியாக எண்ணினால் பதினொன்று. ஒவ்வொரு இட்லியும் அகஸ்டின் தொண்டையில் நின்று, "ரெண்டு இட்லி சாப்பிட்டாரு" என்று கேட்டது. ஆனாலும் எட்டு சாப்பிட்டார்.

வியாழக்கிழமை மத்தியானம் கட்டடம் உறங்கும் வேளையில் படியில் ஊன்றுகோல் சத்தம். புது முட்டியோடு இரண்டு மாடி ஏறி, கையில் ரோஜா மாலையுடன் மேத்யூ வந்து நின்றார்.

"வா... வாங்க மச்சான்."

"இருடா மாப்ளே, முதல்ல துக்கம் கேட்டுடறேன்." நாற்காலியை இழுத்துப் போட்டுத் தன் படத்துக்கு எதிரே உட்கார்ந்தார். "நல்லாத்தான் இருந்திருக்கேன். இன்னா, லேசா சாஞ்சிருக்கேன்." ஊன்றுகோலால் பிரேமைத் தட்டி நேராக்கினார்.

"உங்களுக்கு யாரு மச்சான்..."

"காலையில ஒரு பொண்ணு போன் பண்ணிச்சு. டீனாவாம். வெரோனிகா எப்பவோ குடுத்த நம்பராம். மேத்யூ ஸார் அடக்கம் முடிஞ்சுதான்னு கேட்டுது. இன்னும் நாள் குறிக்கலைம்மான்னேன். என்னை என் தம்பின்னு நெனச்சுக்கினு அதுவே எனக்கு ஆறுதல் சொல்லிச்சு."

அகஸ்டின் தரையில் உட்கார்ந்துவிட்டார். "மச்சான், நான் ஒரு நாள்கூட உங்களைப் பார்க்க வரல."

"தெரியும். ரெண்டு இட்லி தின்னேன்னு வெரோனிகா சொன்னா. அன்னிக்கு எனக்கு ஊசியில குளுக்கோஸ் ஏத்திக்கினு இருந்தாங்க."

"அவகிட்ட நீங்க இன்னா சொன்னீங்க?"

"ஆமாம்மா, ஊட்டியே விட்டான்னேன். அவ அங்க புள்ளைத்தாச்சியைப் பார்ப்பாளா, உன்னோட மல்லுக்கட்டுவாளா? விடு. காபி போடு."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அந்தக் காபியில் அகஸ்டின் சர்க்கரையை இரண்டு தடவை போட்டார். மச்சான் போனதும் படத்தை இறக்கினார், வெரோனிகாவுக்குப் போன் போட்டார், சிரிப்பு வாங்கினார். டீனாவிடம் சொல்ல மூன்று தடவை படியிறங்கி, மூன்று தடவையும் ஐந்தாவது படியோடு திரும்பினார். முதலில் வீட்டுக்காரி நம்பட்டும். அவள் கையால் வாங்க வேண்டியதை வாங்கினால்தான் மற்ற கதவைத் தட்ட முடியும்.

சனிக்கிழமை சாயங்காலம் வெரோனிகா வந்தாள். ஹாலைச் சுற்றிப் பார்த்தாள்.

"பரவாயில்லையே! வலப்பக்கச் சுவர்தான் மொட்டையா கீது. எதனா மாட்டுங்க."

அகஸ்டின் ஒன்று விடாமல், ஒன்றுகூடக் கூட்டாமல் எல்லாவற்றையும் சொன்னார். அவள் சிரித்துக்கொண்டே அண்ணனுக்குப் போன் போட்டு, அகஸ்டினும் கேட்கும்படி ஸ்பீக்கரில் வைத்தாள்.

"அண்ணே, இவரு உன்னைக் கொன்னுட்டாராம்."

"அப்படியா? எனக்கு யாரும் சொல்லலையே."

"ஆஸ்பத்திரிக்கு வந்தாரா இல்லையா?"

"தினம் வந்தாம்மா. அவன் தொல்லை தாங்காமத்தான் என்னை சீக்கிரம் அனுப்பிட்டாங்க."

வெரோனிகா போனை வைத்தாள். "கேட்டீங்களா? எங்க அண்ணனைப் பார்த்துக்கிட்டதுக்கு நான் உங்களுக்கு என்ன செஞ்சாலும் தகும்" என்று அவர் தட்டில் மீனின் நடுத்துண்டை வைத்தாள். அகஸ்டினுக்கு அது இறங்கவில்லை. நாற்பது வருஷமாகப் பொய் சொல்லி ஒரு நாளும் பட்டினி கிடக்காத மனிதர் அன்று உண்மையைச் சொல்லிவிட்டுப் பட்டினியாகப் படுத்தார்.

ஞாயிறு காலை பூசைக்கு மேத்யூவும் சைதாப்பேட்டையிலிருந்து ஆட்டோவில் வந்துவிட்டார். தங்கைக்கு இந்தப் பக்கம் மேத்யூ, அந்தப் பக்கம் அகஸ்டின். பூசை தொடங்குமுன், யாருக்காக அதை ஒப்புக்கொடுக்கிறார்கள் என்ற கருத்தை மைக்கில் வாசித்தார்கள்.

"இன்றைய திருப்பலி, மந்தைவெளி வெரோனிகா அகஸ்டினின் அண்ணன், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் மேத்யூ அவர்களின் ஏழாம் நாள் நினைவாக, அவரது ஆன்ம இளைப்பாற்றிக்காக. ஒப்புக்கொடுப்பவர், டீனா."

மேடையருகே பாடத் தயாராக நின்ற டீனா, வெரோனிகாவுக்கு ஆறுதலாகத் தலையசைக்கத் திரும்பினாள். பக்கத்திலிருந்தவரையும் பார்த்தாள். அந்தப் போட்டோவிலிருந்த முகம். அவள் எடுத்த முதல் சுரம் கூரைக்குப் போனது. இன்னும் இறங்கவில்லை என்கிறார்கள்.

"ஆமென்" என்றார் மேத்யூ, பழக்கதோஷத்தில், கோயிலே கேட்கும்படி.

வெரோனிகா அண்ணனைப் பார்த்தாள். மேத்யூ தன் புது முட்டியை இன்றைக்குத்தான் கண்டவர்போல அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மெல்லத் திரும்பிக் கணவனைப் பார்த்தாள். அகஸ்டின் பார்வையைத் தாழ்த்தவில்லை. இந்தப் பார்வைக்காகத்தான் மூன்று நாளாகக் காத்திருந்தார்.

"அப்போ நெசமாவே நடந்திருக்கு" என்றாள் வெரோனிகா, மிகத் தணிந்த குரலில். "நீங்க எங்க அண்ணனை ஒரு நாள்கூடப் போய்ப் பார்க்கல."