விலாவுக்குள் அடிக்கும் போன்

மரண விசாரணை அலுவலகத்தில் பதினாறு வருடம் வேலை பார்த்தவளின் இடது விலாவுக்குள் தினமும் மாலை நாலேகாலுக்கு ஒரு போன் அடிக்கிறது. ஒன்பது முறை அடித்து ஓயும். பக்கத்து வீட்டுக்காரர்கள் அதைக் கேட்டுத்தான் பிள்ளைகளை டியூஷனுக்குக் கிளப்புகிறார்கள். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, ரிங்டோன் தெளிவாகக் கேட்கிறது என்று டாக்டர் சீட்டில் எழுதிக் கொடுத்தார்.

உடல் சூட்டை அளக்கும்போதே செத்தவரின் பையில் போன் அடிப்பது அந்த வேலையில் வழக்கம். எடுக்கக் கூடாது என்பது விதி. உறையில் போட்டு ஒட்டி, அடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். சாவை வீட்டுக்குப் போய் நேரில் சொல்ல வேண்டும். ஆயிரத்துச் சொச்சம் போன்களை அவள் அப்படித்தான் ஒட்டினாள். ஒருநாள் மாலை நாலேகாலுக்கு அடித்த ஒரு பையனுடைய போனை மட்டும் எடுத்துவிட்டாள். ஏன் என்று அவளுக்கே தெரியாது. கையுறையைக் கழற்றியிருந்தாள், திரையில் 'அம்மா' என்றிருந்தது, அவ்வளவுதான். "எங்கடா இருக்கே? சாப்பாடு ஆறுது" என்றது குரல். "வந்துட்டிருக்கான்மா" என்று சொல்லி வைத்துவிட்டாள். ஒன்றரை மணி நேரம் கழித்து அந்த வீட்டுக்கு அவளே போனாள். மூடி வைத்த தட்டுக்குப் பக்கத்திலிருந்து எழுந்து வந்த தாய், அவள் வாயைத் திறந்ததுமே, "போன்ல பேசினது நீதானே?" என்றாள்.

மறுநாளிலிருந்து விலாவுக்குள் போன் அடித்தது. பிணத்தின் அருகே போனால் கை விறைத்தது. வேலையில் பாதிக்கப்பட்டவர்களுக்கான இழப்பீட்டு வாரியம் ஒப்புக்கொண்டால்தான் சிகிச்சை, விடுப்பு எல்லாம். மனுவில் பாதிப்பு ஏற்பட்ட நாளுக்கு ஒரே கட்டம். பதினாறு வருடம் என்று எழுதினாள். பிணம் பார்ப்பதுதானே உங்கள் வேலை, ஒரு நாளைச் சொல்லுங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள். அந்த நாளைச் சொன்னால் விதிமீறலும் சேர்ந்து வெளியே வரும்.

"வேற தேதியப் போடேன். சின்னக் குழந்தைங்க கேஸே எத்தன பாத்திருக்கே" என்றான் கணவன்.

"அதெல்லாம் அடிக்கலையே."

இரண்டு வருடம் இழுத்தடித்து, ஒரு நாள் நாலு மணிக்கு விசாரணை வைத்தார்கள். போன் அடித்தபோது வாரியத் தலைவர் முதலில் தன் சட்டைப் பையைத்தான் தடவினார்.

"யாரும்மா அது? ஆஃப் பண்ணுங்க."

"பண்ண முடிஞ்சா நான் ஏன் சார் இங்க வரேன்?"

ஒன்பதும் அடித்து ஓய்ந்தது. பிறகு அவள் மனுவைக் கேட்டு வாங்கி, கட்டத்தில் அந்த நாளை எழுதினாள், நடந்ததையும் சொன்னாள். மூன்றாம் வாரம் தீர்ப்பு வந்தது: சத்தம் உண்மையே என வாரியம் ஏற்கிறது, விதியை மீறி மனுதாரர் தாமே வரவழைத்துக்கொண்டது என்பதால் மனு தள்ளுபடி.

இப்போதெல்லாம் நாலேகாலுக்குக் கணவன் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிடுகிறான். மகள் வீட்டுப்பாடத்தை நிறுத்தி, அம்மாவின் விலாவில் காதை வைத்து ஒன்பது எண்ணுகிறாள். "இன்னிக்கும் கூப்பிடறத விடலம்மா அவங்க" என்கிறாள். அம்மா தலையை ஆட்டிவிட்டு, அடித்த நேரத்தை நோட்டில் குறித்துக்கொள்கிறாள். விதி அப்படித்தான்.