ரெண்டு டச்சுக்கு மேல் கூடாது

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கதை எழுத நான் உத்திரமேரூர்ப் பக்கம் போகவில்லை. சிறுவர் கால்பந்தில் பாஸ் பழக்கும் முறைகள் பற்றி ஒரு கையேட்டுக்கு நாலு பக்கம் கேட்டிருந்தார்கள். முதல் முறை, இரண்டாம் முறை என்று வரிசை போட்டுத் தள்ளிவிடலாம் என்றுதான் மானாம்பதிக்கு பஸ் ஏறினேன். அங்கே பதினாலு வயதுக்குட்பட்ட பெண்கள் அணி ஏரிக்கரை மேல் ஒற்றை வரிசையில் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவதைப் பார்த்தேன். சிரித்துச் சிரித்து விக்கல் வந்துவிட்டது. கையேடு போயே போச்சு.

2

தொடக்கம், முதல் முயற்சி: "மழை ஓய்ந்த மாலையில் ஏரி ஒரு வெள்ளித் தட்டாக…"

[வேண்டாம். ஏரி ஏரியாகத்தான் இருந்தது.]

இரண்டாம் முயற்சி: "பட்டுத் தறியில் நாடா ஓடுவதுபோல அவர்கள் கால்களுக்கிடையே…"

[காஞ்சிபுரம் மாவட்டம் என்றால் தறியை இழுத்தே ஆக வேண்டுமா? அடித்துவிட்டேன்.]

நேராகவே சொல்கிறேன். ஐப்பசி மழையில் பள்ளி மைதானம் குளமாகிவிட்டது. பயிற்சி தரும் சுதா மிஸ் பிள்ளைகளை ஏரிக்கரைக்கு ஏற்றினார். கரையில் ஒரு மாட்டு வண்டி போகலாம், அவ்வளவுதான் அகலம். இந்தப் பக்கம் முழங்கால் தண்ணீர், அந்தப் பக்கம் நடவு முடிந்த வயல். சட்டம் இரண்டே. ஒருத்தி பந்தைக் காலில் ரெண்டு டச்சுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, அடுத்தவளுக்குக் கொடுத்துவிட வேண்டும். பந்தைக் கரைக்கு வெளியே உதைத்தவளே இறங்கி எடுத்து வர வேண்டும். அது வயலில் விழுந்தால், வயலைப் பார்த்துக்கொள்ளும் இருசப்பனிடம் திட்டும் அவளே வாங்கிக்கொள்ள வேண்டும்.*

* இருசப்பனின் திட்டுகளைக் கையேட்டில் அச்சிட முடியாது. ஆனால் பாஸ் துல்லியமாவதற்கு அவற்றைவிட நல்ல பயிற்சி முறையை நான் பார்த்ததில்லை.

3

ஆறு வாரம் கழித்து உத்திரமேரூரில் மேட்ச். மைதானம் பரந்து கிடந்தது. விசில் ஊதியதும் மானாம்பதிப் பிள்ளைகள், கோல்கீப்பர் போகப் பத்துப் பேரும், நட்ட நடுவில் ஒரு வண்டித்தடம் அளவு இடத்தில் வரிசை கட்டினார்கள். பாஸ் ஒன்றுகூடத் தவறவில்லை. தேன் மாதிரி பாஸ். எதிரணி அந்தத் தடத்தின் முனையில் நாலு பேரை நிறுத்திவிட்டு நிம்மதியாக இருந்தது.

"ஏய், பரவி நில்லுங்கடி," என்று சுதா மிஸ் கோட்டுக்கு வெளியே ஓடிக்கொண்டே கத்தினார். "இன்னாத்துக்கு கியூல நிக்கிறீங்க? இங்க ஏரி எங்க கீது?"

நிஷா ஒருத்திதான் சொன்னதைக் கேட்டாள். இடது ஓரத்துக்குப் போய்க் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாள். பந்து வரவே இல்லை.

4

[இங்கே நிஷாவை அழவைத்து ஒரு பத்தி எழுதியிருந்தேன். அவளிடமே படித்துக் காட்டினேன்.]

"நான் எப்போக்கா அழுதேன்?" என்றாள். "அரை மணி நேரம் கையத் தூக்கிக்கினு நின்னேன். தோளு வலிச்சிது. இந்தக் கைய எறக்கிட்டு அந்தக் கையத் தூக்கினேன். அத எழுதுங்க."

எழுதிவிட்டேன்.

இடைவேளையில் அவள், நடுவில் ஆடும் தன் சிநேகிதி சுபாஷ்ரீயிடம் போனாள்.

"எனக்கு ஒரு பால்கூட வர்லன்னா நாளைலேர்ந்து கபடிக்குப் போயிடுவேன். அங்கியாச்சும் யாராவது என்னப் புடிப்பாங்க."

"குடுக்கணும்னுதான்டி பாக்கறேன்," என்றாள் சுபாஷ்ரீ. "சைடுல திரும்புனாலே தண்ணில எறங்கணும்னு காலு நின்னுடுது."

நிஷா சொன்னால் செய்கிறவள். சுபாஷ்ரீக்கும் அது தெரியும்.

5

கடைசி நிமிடம். யாரும் கோல் போடவில்லை. பந்து சுபாஷ்ரீயிடம். இடது ஓரத்தில் நிஷா, பக்கத்தில் ஆளே இல்லை.

முடிவு ஒன்று: பந்து நிஷாவுக்குப் போகிறது. கோல். இருசப்பன் எல்லாருக்கும் கோலி சோடா உடைக்கிறார்.

[இருசப்பன் மேட்சுக்கே வரவில்லை. ஆசையில் எழுதிவிட்டேன்.]

முடிவு இரண்டு: சுபாஷ்ரீ வழக்கம்போல நேராகத் தட்டுகிறாள். விசில். மறுநாள் நிஷா கபடிப் பிள்ளைகளோடு…

[முடியவில்லை. அந்தப் பெண்ணை எனக்கு அவ்வளவு பிடித்துவிட்டது.]

6

நடந்தது என்னவென்று எனக்குத் தெரியும். அதை எழுத உட்கார்ந்தபோது சுதா மிஸ் போன் செய்தார்.

"கத முடிஞ்சிதா மேடம்?"

"ரெண்டு முடிவு எழுதிட்டேன். மூணாவதுதான்…"

"ரெண்டு டச் ஆயிடுச்சில்ல? அப்புறம் இன்னாத்த வெச்சிக்கினு நிக்கிறீங்க?"

போனை வைத்தேன். சட்டம் என்றால் எனக்கும் சட்டம்தான்.

சுபாஷ்ரீ தலை நிமிர்கிறாள். நிஷா கை மாற்றித் தூக்குகிறாள். இடது பக்கம் தண்ணீர் இல்லை, வெறும் புல்தான் என்று யாராவது சுபாஷ்ரீயிடம் சொல்ல வேண்டும். நான் சொல்லக் கூடாது. நீங்கள் கோட்டருகே நிற்கிறீர்கள். கொஞ்சம் சத்தமாகச் சொல்லுங்கள்.