இல்லை, மேகம், மோர், தயிர்

காலையில் எழுந்ததும் மற்ற வீடுகளில் பாலைக் காய்ச்சுவார்கள். நான் என் மூத்த மகளின் மூத்திரத்தைக் காய்ச்சுவேன். இதைச் சொல்ல ஒரு காலத்தில் கூச்சமாக இருந்தது. இப்போது அதுகூட இல்லை.

பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு நர்சம்மா சொல்லிக்கொடுத்தார். கண்ணாடி டியூபில் முக்கால் அளவு ஊற்றி, மேல்பாகத்தை மட்டும் ஸ்டவ் நெருப்பில் காட்ட வேண்டும். தெளிவாகவே இருந்தால் நோட்டில் 'இல்லை' என்று எழுத வேண்டும். லேசாகக் கலங்கினால் 'மேகம்'. இன்னும் கலங்கினால் 'மோர்'. கட்டி கட்டியாகத் திரிந்தால் 'தயிர்'. உடம்பில் நிற்க வேண்டிய சத்து மூத்திரத்தில் ஒழுகிப்போகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அதற்குப் பிறகு நான் வீட்டில் தயிருக்கு உறை ஊற்றுவதை விட்டுவிட்டேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

ஆண்டாளுக்கு எட்டு வயது. இரண்டு வருடமாக இந்த நோய். வந்தால் கண் இமை, கால், வயிறு எல்லாம் நீர் கோத்து ஊதிவிடும். மாத்திரை கொடுத்தால் வடியும். மாத்திரையைக் குறைத்தாலோ சளி பிடித்தாலோ திரும்பி வரும். போதாததற்கு அந்த மாத்திரையாலும் கன்னம் உப்பும். எது நீர், எது மாத்திரைச் சதை என்று பெற்றவளுக்கே தெரியாது. அதனால்தான் டியூப்.

நோய் முதல் தடவை வந்தபோது நான் கதைப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தேன். அப்படித்தான் எங்கள் ஊர் செஞ்சி முழுக்கப் பேச்சு. பேச்சைக் கிளப்பியது என் வீட்டுக்காரரின் அக்கா சுந்தராம்பாள் அண்ணி. அடுத்த தெருவில்தான் இருக்கிறார். ஒருநாள் உள்ளே வந்தவர் குழந்தையின் முகத்தைப் பார்த்தார், பிறகு என் மடியில் இருந்த புத்தகத்தைப் பார்த்தார்.

"புள்ள மூஞ்சி பூசணிக்கா மாதிரி ஊதிக்கினு கெடக்குது. நீ இன்னாடி பொஸ்தவத்துல மூஞ்சிய வச்சிக்கினு கீற?"

எனக்குப் படிப்பதென்றால் உயிர். பத்தாம் வகுப்போடு நிறுத்திக் கட்டிக்கொடுத்தார்கள். கிளை நூலகத்தில் என் வீட்டுக்காரர் பெயரில் ஒரு கார்டு. அவர் சுந்தரமூர்த்தி, மார்க்கெட் கமிட்டியில் மணிலா, அதாவது வேர்க்கடலை, மூட்டை எடை போடுகிறவர், ஒரு புத்தகமும் திறந்ததில்லை. ஆனால் வாரப் பத்திரிகையில் வரும் தொடர்கதைப் பக்கங்களை நான் கிழித்துச் சேர்த்து வைத்தால், கோணி ஊசியும் சணல் நூலும் கொண்டு மூட்டை தைப்பது போலவே தைத்துத் தருவார். தையல் கொஞ்சம் முரடாக இருக்கும். புத்தகத்தைப் பிரித்தால் கோணி வாசனை வரும். அவரைப் பற்றி எனக்குப் பல குறைகள் உண்டு, ஆனால் அந்தத் தையலை நினைத்தால் ஒன்றையும் சொல்ல மாட்டேன்.

ஆண்டாளை முதல் தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது அப்படித் தைத்த ஒரு கட்டை எடுத்துப் போயிருந்தேன். கலங்கரை விளக்கம் காக்கிறவரின் மகளைப் பற்றிய கதை. அவளுக்கு வாய்விட்டுப் படித்தேன். பெரியவர்கள் கதைதான், பாதி அவளுக்குப் புரியாது. ஆனாலும் "அப்பறம்?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். வீட்டுக்கு வந்தும் தினம் ஓர் அத்தியாயம் படித்தோம். இருபத்து மூன்றாம் அத்தியாயத்தில் அப்பாவுக்குக் காய்ச்சல், புயல், விளக்கு அணைந்துவிட்டது, தூரத்தில் ஒரு படகு. அங்கே நிற்கும்போதுதான் நோய் இரண்டாம் தடவை வந்தது.

அண்ணி இந்த முறை திட்டவில்லை. சிங்கவரம் பள்ளிகொண்ட பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப்போனார். படியெல்லாம் ஏறி முடித்து மூச்சு வாங்கும்போது சொன்னார்.

"புடிச்ச பொருள் எதுனா ஒண்ண விட்ரு, ரஞ்சிதம். பெருமாள் புள்ளைய குடுப்பாரு. நான் எங்கூட்டுக்காரருக்கு காபிய விட்டேன், கண்ணு நல்லாச்சி."

எனக்குக் காபி பிடிக்காது. நகை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. என்னிடம் விடுவதற்கு இருந்தது ஒன்றுதான். அது அண்ணிக்கும் தெரியும். நோட்டில் தொடர்ந்து ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், 'இல்லை' என்று விழும் வரைக்கும் ஒரு வரிகூடப் படிப்பதில்லை என்று வேண்டிக்கொண்டேன். நடுவில் ஒரு மேகம் வந்தாலும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். பெருமாள் படுத்தபடியே கேட்டுக்கொண்டார்.

தொடர்கதைக் கட்டு டிரங்குப் பெட்டிக்குள் போனது. சாவி என் தாலிக்கயிற்றில். ஆண்டாளிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"நாப்பத்தெட்டு வந்தா படிப்பியாம்மா?"

"படிப்பேன்."

"படகு வந்து சேந்துதா?"

"எனக்கும் தெரியாதுடி."

உண்மையில் தெரியும். நான் முன்னாலேயே ஒரு தடவை படித்தவள்.

அதன் பிறகு மளிகைக் கடைப் பொட்டலத்தைப் பிரித்தால் காகிதத்தைக் கவிழ்த்துப் போட்டேன். டியூபின் கழுத்தைப் பிடிக்க மடிக்கும் காகிதம்கூட வெள்ளைக் காகிதம்தான். பஸ்ஸின் போர்டை மட்டும் படித்தேன், அதையும் விட்டால் திண்டிவனத்துக்குப் பதிலாகத் திருவண்ணாமலையில் போய் நிற்க வேண்டியதுதான்.

முதல் தடவை எண்ணியபோது பன்னிரண்டாம் நாள் மேகம் வந்தது. இரண்டாம் தடவை இருபத்தேழாம் நாள். அன்று டியூபைப் பிடித்தபடி நின்றபோது எனக்கு முதலில் தோன்றியது குழந்தையைப் பற்றி இல்லை. இன்னும் நாற்பத்தெட்டு நாள் படிக்க முடியாதே என்பதுதான். அடுத்த நொடியே என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும் போல இருந்தது. அறைந்துகொள்ளவில்லை. ஸ்டவை அணைத்துவிட்டு இட்லி ஊற்றினேன். அன்றையிலிருந்து எனக்குள் ஏதோ மரத்துப்போனது. சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. உப்பில்லாத சோறு அவளுக்கு, உப்புப் போட்ட குழம்பு மற்றவர்களுக்கு, மாத்திரை, பள்ளிக்கூடம், துணி, டியூப். கேட்டதற்குப் பதில் சொல்வேன், அவ்வளவுதான்.

மூன்றாம் தடவை எண்ணிக்கை நன்றாகப் போனது. இருபதாம் நாள் பாண்டிச்சேரிக்குப் போனபோது டாக்டர் நோட்டைப் பார்த்துவிட்டு, "இல்லைன்னே வந்துகிட்டு இருக்கற வரைக்கும் வாரம் ஒரு மாத்திரை குறைச்சுக்கிட்டே வாங்க. மேகம் வந்தா உடனே இங்க வந்துடணும்" என்றார். நான் குறைத்துக்கொண்டே வந்தேன்.

இருபத்தெட்டாம் நாள் ஆண்டாளுக்குச் சளி பிடித்தது. போச்சு, மேகம் வரப்போகிறது என்று வாய்விட்டே சொன்னேன். வரவில்லை. மறுநாளும் தெளிவு, அதற்கு மறுநாளும் தெளிவு. அந்த நாட்களில்தான் அவள் திடீரென்று பொறுப்பாக மாறினாள். காலையில் பாட்டிலை எடுத்துக்கொண்டு புழக்கடைக்குப் போகும்போது, நாலு வயதுத் தங்கை சாமுண்டீஸ்வரியையும் எழுப்பிக் கையைப் பிடித்துக் கூட்டிப்போவாள். "பாப்பாவ நானே இட்டுக்கினு போறம்மா, நீ ஸ்டவ்வ பாரு" என்பாள். எனக்கு ஒரு வேலை மிச்சம். சந்தோஷப்பட்டிருக்க வேண்டும், அதுகூடத் தோன்றவில்லை.

முப்பத்தொன்பதாம் நாள் அவளைக் குளிப்பாட்டும்போது இடுப்பில் பாவாடை நாடா பதிந்திருந்தது. விரலை வைத்தால் பள்ளம் விழுந்தது, விழுந்த பள்ளம் எழும்பவில்லை. என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். மணிலா சீசன், அவர் சட்டையை மாட்டிக்கொண்டே எட்டிப் பார்த்தார்.

"மாத்தர சதைதான ரஞ்சிதம். டியூப்ல இன்னா வந்துது?"

"இல்லைன்னுதான் வந்துது."

"அப்பறம் இன்னாத்துக்கு டென்சன் ஆவற?"

அதுவும் சரிதான் என்று இருந்துவிட்டேன். டியூப் பொய் சொல்லாது.

நாற்பத்தோராம் நாள் காலை. ஸ்டவைப் பற்றவைத்துக் காத்திருந்தேன். புழக்கடையில் சின்னவள் அழுகிற சத்தம். போனால், ஓலைத் தட்டிக்குப் பின்னால் அவள் குந்தியிருக்கிறாள். ஆண்டாள் பாட்டிலை அவளுக்குக் கீழே பிடித்தபடி, "போடி, கொஞ்சூண்டு போடி" என்று கெஞ்சிக்கொண்டிருக்கிறாள்.

சின்னவள் என்னைப் பார்த்ததும் மூக்கை உறிஞ்சினாள். "எனக்கு வரலம்மா. வரலன்னா அக்கா கிள்றா. தெனமும் எழுப்பிடறா."

கொஞ்ச நேரம் எனக்கு எதுவும் விளங்கவில்லை. விளங்கிய பிறகும் அசையத் தோன்றவில்லை. அடித்திருக்கலாம், கத்தியிருக்கலாம். "எத்தினி நாளா?" என்று மட்டும் கேட்டேன். என் குரல் ரேஷன் கடைக்காரர் குரல் மாதிரி இருந்தது.

"சளி புடிச்சதிலேருந்து." ஆண்டாள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "மேகம் வரப்போவுதுன்னு நீதான சொன்ன. மறுக்கா ஒண்ணுலேருந்து எண்ணுவியே."

"எண்ணுனா இன்னாடி? ஒனக்குத்தானே ஒடம்பு?"

"ஆவாது." அழ ஆரம்பித்தாள். "பொஸ்தவம் படிக்கறப்பதான் நீ என் மூஞ்சிய பாத்து பேசுவ. இப்ப டியூபத்தான் பாக்கற."

விடிந்து வெகு நேரம் ஆகியிருந்தது. நல்ல வெளிச்சம். அவளுடைய இரண்டு கண்ணும் ஊதி, கோடு போலச் சுருங்கியிருந்தன. அது நேற்றோ முந்தாநாளோ வந்தது இல்லை. பன்னிரண்டு நாளாக என் கண் முன்னால்தான் ஊதிக்கொண்டிருந்திருக்கிறது. அதே பன்னிரண்டு நாளில் இரண்டு மாத்திரையைக் குறைத்தவளும் நான்தான். முதல் தடவை புத்தகம் படித்ததால் பார்க்கவில்லை என்றார்கள். இந்தத் தடவை ஒரு வரிகூடப் படிக்காமலே பார்க்கவில்லை.

பாட்டிலைக் கழுவி அவளிடமே கொடுத்தேன். அவளுடையதைக் காய்ச்சினேன். சூடு பட்ட பாகம் முழுக்கக் கட்டி கட்டியாகத் திரிந்தது. தயிர்.

இரண்டு பாவாடை, டம்ளர், துண்டு, நோட்டு எல்லாம் பையில் வைத்தேன். பிறகு தாலிக்கயிற்றிலிருந்து சாவியை எடுத்துப் பெட்டியைத் திறந்தேன். சின்னவளைப் பார்த்துக்கொள்ள வந்த சுந்தராம்பாள் அண்ணி, கோணித் தையல் போட்ட கட்டு பைக்குள் போவதைப் பார்த்துவிட்டார்.

"இன்னும் ஏழு நாளுதான்டி. வேண்டுதல முறிக்கப்போறியா? தெய்வக் குத்தம் ஆயிடும்."

"ஆவட்டும் அண்ணி."

"புள்ளைக்கு எதுனா ஒண்ணு ஆயிட்டா?"

"ஆயிடுச்சி அண்ணி. மூஞ்சிய பாருங்க."

அவர் பார்த்தார். பிறகு சின்னவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். அவர் கெட்டவர் இல்லை. எனக்கு அவர்மீது கோபம் வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆள் அனுப்பியதும் கமிட்டியிலிருந்து ஓடிவந்து பஸ் ஸ்டாண்டில் என் வீட்டுக்காரர் சேர்ந்துகொண்டார். முண்டாசுத் துண்டில் மணிலாத் தூசி. அவரிடம் விஷயத்தைச் சொன்னபோது அவர்தான் அழுதார். ஜன்னலோரம் ஆண்டாள், நடுவில் நான், இந்தப் பக்கம் அவர். பஸ் கிளம்பி ஊரைத் தாண்டியதும் அவள் அப்பாவை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே என் பையைத் தொட்டாள்.

"நைனா திட்டுமாம்மா?"

"திட்டாது."

"நாப்பத்தெட்டு வரலியே."

"வராது. அது இனிமே வேணாம்."

கட்டைப் பிரித்தேன். கோணி வாசனை வந்தது. முன்பெல்லாம் அந்த வாசனைக்கே எனக்கு நெஞ்சு குளிரும். இப்போது மூக்குக்குத் தெரிந்தது, நெஞ்சுக்குத் தெரியவில்லை. இருபத்து நாலாம் அத்தியாயத்தை வாய்விட்டுப் படித்தேன். எழுத்து வெறும் எழுத்தாகத்தான் ஓடியது. கலங்கரை விளக்கத்துப் பெண் மண்ணெண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு படியேறுகிறாள். என் வீட்டுக்காரர் தான் தைத்த கதையை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் காதுகொடுத்துக் கேட்டார். முன்சீட்டுக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

"வேகமா படிக்கறம்மா," என்றாள் ஆண்டாள். "டியூப் நோட்ட படிக்கற மாதிரி படிக்கற."

நிறுத்தினேன். ஒரு வரி படிப்பதும் அவள் முகத்தைப் பார்ப்பதுமாக மறுபடி ஆரம்பித்தேன்.

வார்டில் படுக்கை கொடுத்தார்கள். அதே டாக்டர் நோட்டைப் புரட்டினார். நான் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. மாத்திரையைப் பழையபடி ஏற்றினார். கிட்னி எந்த அளவுக்குத் தாங்கியிருக்கிறது என்று நாலு நாள் கழித்துத்தான் சொல்ல முடியும் என்றார்.

மறுநாள் காலை ஆண்டாள் தானாகவே பாத்ரூமுக்குப் போய், பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். என் கையில் கொடுத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

"என்னுதும்மா," என்றாள்.

"தெரியும்."

நர்சம்மா காய்ச்சினார். டியூபை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இங்க பாரும்மா" என்று என்னைக் கூப்பிட்டார். நான் கதைக்கட்டை மடியில் பிரித்து வைத்தபடி ஆண்டாளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்றைக்கு இன்றைக்கு இமையில் ஒரு நூல் வடிந்த மாதிரியும் இருந்தது, வடியாத மாதிரியும் இருந்தது. அழுகை வரும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தேன். வரவில்லை.

"தயிர்தான். எழுதிக்கோம்மா," என்றார் நர்சம்மா.

"எழுதறேன். இந்தப் பக்கம் முடியட்டும்."

படகு இன்னும் கரை சேரவில்லை. சேருமா சேராதா என்பது எனக்குத் தெரியும். சொல்லாமல் அடுத்த வரியைப் படித்தேன்.